புதங்கெழமக் கோழி

ஏனுங், அந்த முருங்கக்காய்க் கட்டு என்ன வெலைக்கு வாங்குனீங்க? அறுவதா? வெள்ளகோயில்ல போயி அறுவதா? யாரு, தலைல பச்சத்துண்டு கட்டிட்டு மூக்காலயே பேசுவானே, அவன்கிட்டயா? "அண்ணா, உங்களுக்காவ அறுவதுங், மத்தவங்களுக்கு எம்பதுங், போணிங்கண்ணா, மறுக்காதீங்கண்ணா." அவனேதான? அவன் காலைல இருந்து பொழுதோட வரைக்கும் போணியே பண்ணிட்டு இருப்பான். நாப்பதுக்கு மேல ஒரு ரூவா குடுத்திருக்கக் கூடாதுங். சரி விடுங்க, வாங்கியாச்சு. கொஞ்சம் நகந்து உக்காருங்க. நான் நல்லூர்ல எறங்கோணும், இன்னும் ரோடு நெறைய கெடக்குது.

என்னடா ஆம்பள காய்வெல பேசறான்னு பாக்கறீங்க. எங்க ஊட்ல சமையல் நான்தானுங். இந்தக் கையப் பாருங்க. ரெண்டு வெரலு பனியன் கம்பெனிக்கு சீர் குடுத்தாச்சு. கட்டிங் மிஷின்ல இருந்தேன், பதினாலு வருசம். இப்ப ரெண்டு வருசமா ஊடுதான். சம்சாரம் மரகதம் கம்பெனில செக்கிங் போறா, சனிக்கெழமையானா சம்பளம். ஒரே பாப்பா, அஞ்சு வயசு, சுபிக்ஷான்னு பேரு. வாடக, பள்ளிக்கூடம், சீட்டு எல்லாம் எடுத்துட்டு, மரகதம் என்ற கையில ஆயிரத்தி முந்நூறு குடுப்பா. ஒரு வாரத்துக்கு மூணு பேருத்துக்கு காய், மளிக, பால், கேஸ் எல்லாம் அதுலதான். நான் எட்டாவதுதான் படிச்சேனுங். வாத்தியாராட்டவே பேசிக் காட்டிட்டு இருந்தேன், வாத்தியாரு பின்னால நின்னு கேட்டுட்டு இருந்தாரு, அன்னிக்கே படிப்பு முடிஞ்சுது. ஆனா அந்த ஆயிரத்தி முந்நூற ஏழு நாளைக்கு இழுக்கறதுல என்னைய மிஞ்ச ஒருத்தன் பொறந்து வரோணும்.

கேளுங்க. உழவர் சந்தைக்கு வெடியால போறவன் ஏமாளி. பத்து மணிக்கு மேல போகோணும். மூட்டையக் கட்டற நேரம், திருப்பித் தூக்கிட்டுப் போறதுக்குச் சங்கடப்பட்டுட்டு, கேட்ட வெலைக்குத் தள்ளி உட்ருவாங்க. திங்கக்கெழம கத்திரிக்கா, ஏன்னா அது நிக்காது. செவ்வா கொள்ளு வேக வெச்சா, பருப்பு மத்தியானத்துக்கு, தண்ணி ராத்திரி ரசத்துக்கு. புதன் கீர. வேழன் தக்காளிச் சோறு, அழுகப் போற தக்காளிதான் அதுக்கு நல்லா இருக்கும். வெள்ளி சாம்பாரு. சனிக்கெழம சம்பளம் வாரதுக்குள்ள சட்டி காலி, அன்னிக்கு ரசமும் சுட்ட அப்பளமும். பொரிக்கறதில்ல, சுடறது. எண்ணெய் எங்க ஊட்ல மாசத்துக்கு ஒரு லிட்டருதானுங். ஒட்டுனாப்ல இருக்கற லைன் ஊட்டுப் பொம்பளைங்க எல்லாம் வந்து கேப்பாங்க, "ஏனுங்ணா, எங்களுக்குப் பத்து நாள் வரமாட்டேங்குது, நீங்க எப்படீங்ணா?" நான் சொல்லுவேன், கைப்பக்குவம் அம்மணி, கை.

ஞாயித்துக்கெழம அரைக்கிலோ கோழி. அதுக்குத்தானுங்க மத்த ஆறு நாளும் வயித்தக் கட்டறது.

அந்தக் கோழிக்கு வந்தானுங் எமன்.

என்ற மச்சினன். மரகதத்தோட தம்பி, சென்னியப்பன்னு பேரு. வெள்ளகோயில்ல எண்ணெ மில்லுல வேல, அங்கயே ரூம்பு. கல்யாணம் ஆகல. ஞாயித்துக்கெழம தப்புனாலும் அவன் தப்ப மாட்டான். கொழம்பு கொதி வந்து, நான் கொத்தமல்லி கிள்ளிப் போடறன் பாருங்க, சரியா அந்த நேரத்துக்கு வாசல்ல செருப்பு சத்தம் கேக்கும். "மாமோவ், என்னுங் மாமா, வாசம் முக்கு வரைக்கும் வருதுங்." வராம? நீ மூக்க அங்கயே உட்டுட்டு வந்தா வரத்தான் செய்யும்.

அவன் திங்கறதப் பாக்கோணும் நீங்க. எலும்ப எடுத்து ஒரு பக்கம் சர்ருன்னு உறிஞ்சி, திருப்பி இந்தப் பக்கம் சர்ரு. அப்பறம் அத கண்ணுக்கு நேரா புடிச்சு பாப்பான், ஓட்ட வழியா எங்கூரு தெரியுதான்னு. கால் பீஸு அவனுக்குத்தான். மரகதம் அவன் தட்டுல வெச்சிருவா. என்ற பாப்பா அந்தக் காலையே பாத்துட்டு உக்காந்திருக்கும். இவன் என்ன பண்ணுவான், அதப் பிச்சுப் பிச்சு பாப்பா வாயில ஊட்டி உடுவான். பாத்தீங்களா பவுச? என்ற காசுல வாங்குன கோழிய, என்ற புள்ளைக்கு, இவன் ஊட்றானாம். நல்ல பேரு அவனுக்கு.

கையில எப்பவும் ஒரு தூக்குப்போசி கொண்டாருவான், மூடி போட்டு, மஞ்சப்பைக்குள்ள. நேரா சமையக்கட்டுக்குள்ள அக்காகாரியும் அவனும் போயிருவாங்க. குசுகுசு குசுகுசு. என்னையத் திட்டறதுக்குத்தான். எதுக்குடா போசின்னு ஒரு நாளு அவன் கெளம்பறப்ப நானே தூக்கிப் பாத்தேன். வெறும் போசி. அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது. மீதிக் கொழம்பக் கட்டிட்டுப் போறதுக்கு கொண்டாறான், மரகதம் குடுக்கல போலருக்குது. சபாஷ் புள்ளன்னு மனசுக்குள்ள மெச்சிக்கிட்டேன்.

திங்கறதக் கூட பொறுத்துக்குவேனுங். வாயி. அந்த வாயத்தான். வெரல் போன புதுசுல ஒரு மூட்ட அரிசியத் தூக்கிட்டு வந்தான். லைன்ல அத்தன பேரும் பாக்கறாங்க. "அக்கா கஷ்டப்படக் கூடாதுங் மாமா" ங்கறான். நான் மூட்டையத் தூக்கி ரோட்ல வெச்சுட்டேன். உங்க ஊட்டுப் பண்டம் ஒரு மணி என்ற ஊட்டு அடுப்புல ஏறுச்சுன்னா நான் இங்க இருக்க மாட்டேன், பாப்பா மேல சத்தியம்னு சொன்னேன். அதுக்கு அவன் பழி வாங்குனான் பாருங்க, அவங்க பங்காளி ஊட்டுக் கெடாவெட்டுல. எரநூறு சனம். நான் வெள்ள வேட்டி கட்டிட்டு பந்தியில உக்காரப் போறேன். இவன் அந்தக் கோடியில இருந்து கத்தறான், "மாமா, அங்க எங்க உக்காருறீங்க, சமையலுக்கு ஆள் பத்தலையாம், உங்களத் தேடறாங்க, போங்க." அத்தன சனமும் கொல்லுன்னு சிரிக்குது. ஒரு கெழவன் சோத்துக்குப் பொறயேறி சிரிக்கறான். நானும் சிரிச்சேனுங். சிரிக்காம என்ன பண்றது, நானே நாலு பேர்த்த சிரிக்க வெக்கறவன். ஆனா உள்ள ஒண்ணு உக்காந்துக்குச்சு. இருடா மவனே, உன்னைய சோத்துலயே அடிக்கறேன்னு.

எப்பிடி அடிச்சேன்னு கேளுங்க.

ஞாயித்துக்கெழமையத் தூக்கி புதங்கெழமைல வெச்சுட்டேன்.

அவ்வளவுதானுங். கீரைய ஞாயித்துக்கெழமைக்கு மாத்தியாச்சு, கோழி புதங்கெழமைக்கு வந்தாச்சு. புதங்கெழம கோழிக் கடைல கூட்டமுமில்ல, வெலையும் எறக்கம், கடைக்காரனே ஈரலு ரெண்டு சேத்திப் போடறான். கதவச் சாத்திட்டு மூணு பேரும் தின்னோம். பாப்பாகிட்ட சொல்லி வெச்சேன், மாமாகிட்ட சொல்லாத சாமி, சொன்னா கோழி பறந்து போயிரும்னு. கால் பீஸு பாப்பாவுக்கு. மரகதம் ரெண்டு துண்டு எடுத்துட்டு தட்டையே பாத்துட்டு இருந்தா. அவ அப்படித்தானுங், பேச மாட்டா.

ஞாயித்துக்கெழம வந்தான். வாசல்லயே மூக்க உறிஞ்சறான். ஒண்ணும் வரல. சட்டியத் தொறந்து பாக்கறான், அரக்கீர. நான் மூஞ்சிய சாமியாராட்டம் வெச்சுட்டு, கொரலக் கூட எறக்கிட்டேன். "மாப்ள, ஒரு வேண்டுதலுங். உங்கக்காவுக்கு நாளெல்லாம் நின்னு நின்னு காலு வீங்குதில்ல, அது நல்லாகோணும்னு ஞாயித்துக்கெழம கவுச்சி உட்டுட்டோம்." அவன் ஒரு நிமிசம் என்னையப் பாத்தான். அப்பறம் கையெடுத்துக் கும்புட்டுட்டு, கீரச் சோத்த ரெண்டு தடவ வாங்கித் தின்னான். நான் அந்தப் பக்கம் போயி வாயப் பொத்திட்டு சிரிச்சேன்.

அடுத்த வாரம், அட அதுதானுங் உச்சம். ஒரு கிலோ கோழி வாங்கிட்டு வந்துட்டான். "வேண்டுதல் உங்களுக்குத்தானுங், பாப்பாவுக்கு இல்லீல்ல, அதுக்கு மட்டும் செஞ்சு குடுங்க மாமா." உடுவனா? "என்ன மாப்ள, வேண்டுதல் இருக்கற அடுப்புல கவுச்சி ஏத்தலாமா, உங்கக்கா காலு என்னாகறது?" அப்படியே பக்கத்து ஊட்டு ஜோதிகிட்ட தூக்கிக் குடுத்துட்டேன். ஒரு கிலோ. பொறவு அங்க மெளகு போட்டு வறுக்கறா, எங்க ஊட்ல நாங்க நாலு பேரும் பொடலங்காய மென்னுட்டு உக்காந்திருக்கறோம். பாப்பா மூக்கப் புடிச்சுட்டு அழுவுது. எனக்கும் நாக்குல தண்ணி ஊறுது, இல்லைங்கல. ஆனா அவன் மூஞ்சி இருந்துச்சு பாருங்க. அதுக்கு இன்னொரு கிலோ கூட குடுக்கலாம்.

மூணாவது வாரம் பாப்பா போட்டு உடச்சுட்டா.

அவன் மடில உக்காந்துதான் சாப்புட்டுட்டு இருந்தா. திடுக்குனு அவன் காதுகிட்ட போயி, சின்னதா பேசறதா நெனச்சு லைனுக்கே கேக்கற மாதிரி சொல்றா, "மாமா, நீங்க புதங்கெழம வாங்க. அப்பத்தான் எங்கூட்ல கோழி. யார்கிட்டயும் சொல்லாதீங்க, பறந்து போயிரும்."

நான் ரசத்தக் கலக்கிட்டு இருந்தேன். கலக்கிட்டே இருந்தேன். மரகதம் எந்திரிச்சு உள்ள போயிட்டா. அவன் தட்டுல இருந்தத ஒரு பருக்க உடாம தின்னான், எந்திரிச்சு தட்டக் கழுவி கவுத்து வெச்சான். "நல்லா இருந்துச்சுங் மாமா" ன்னான். பாப்பா தலையத் தடவிட்டு, போசிய எடுத்துட்டுப் போனவன்தான். எட்டு வாரம் ஆச்சு, ஒரு ஞாயித்துக்கெழம வல்ல.

ஜெயிச்சேன்ல?

ஜெயிச்சேனுங். ஒரு வாயி கொறஞ்சுது. கோழிய திருப்பி ஞாயித்துக்கெழமைக்கே கொண்டாந்துட்டேன். ஆனா பாருங்க, ஆளு கொறஞ்சா மிச்சமாகோணுமில்ல, அதுதான் இல்ல. காசு கையக் கடிக்குது. இந்த எண்ணெய்தானுங் மொதல்ல. மாசம் பூரா வந்த பாட்டிலு பத்து நாள்ல தரையத் தொடுது. கடைக்காரன்கிட்ட சண்டைக்கே போயிட்டேன், "என்னய்யா, பாக்கெட்டுல காத்து அடைச்சு விக்கறீங்களா?" ன்னு. எலி குடிக்குதோன்னு ஒரு நா பொறி கூட வெச்சேன். எண்ணெய்க்குப் போற காச எங்க இருந்து எடுக்கறது? வெள்ளிக்கெழம சாம்பாரு போச்சு, பாதி வாரத்துக்கு ரசம் வந்துருச்சு. பாப்பா தட்டத் தள்ளி வெக்குது. மரகதம் ஒரு நேரம்தான் சாப்பிடறா, கேட்டா கம்பெனில பன்னு தின்னேங்கறா.

இப்ப காதுகுத்து வந்துருச்சு. பாப்பாவுக்கு வர்ற மாசம் பத்தாந்தேதி, கொலதெய்வம் கோயில்ல. சீட்ட எடுத்தாச்சு, கெடா சொல்லியாச்சு. தாய்மாமன் மடி வேணுமில்லீங்களா, மடில உக்கார வெச்சுத்தான் குத்தோணும். நான் சொன்னேன், மாமன் மொறைல எவனாவது ஒருத்தன உக்கார வெச்சுக்கலாம், மடின்னா மடி, அதுல பேரா எழுதியிருக்குதுன்னு. மரகதம் துணி மடிச்சுட்டு இருந்தா. தலையத் தூக்காமயே சொல்றா, "எந்தம்பி மடி இல்லாம எம்புள்ள காதுல ஊசி படாதுங். போயி நீங்களே கூப்புடுங்க. அவன் வல்லைன்னா, நானும் பாப்பாவும் அங்கயே போயிடறோம். உங்க கோழிய நீங்க எந்தக் கெழம வேணாலும் தின்னுக்குங்க."

ரெண்டு வருசத்துல அவ இத்தன பேசி நான் கேட்டதில்ல.

அதான் இன்னிக்கு வந்தேன். கேளுங்க, வந்ததுலயும் நம்மகிட்ட கணக்கு இருக்குது. ஏன் ஞாயித்துக்கெழமையா பாத்து வந்தேன்? ஏன் மத்தியானம் ஒரு மணிக்கு வந்தேன்? வெத்தல பாக்குத் தட்ட ஒரு கைல புடிச்சுட்டு, அவன் ரூம்பு வாசல்ல நின்னு, அவன மாதிரியே, "மாப்ளோவ், என்னுங் மாப்ள, வாசம் முக்கு வரைக்கும் வருதுங்" ன்னேன். உன்ற கோழில கால் பீஸ நான் தின்னாம போறதில்லைன்னு வந்தேனுங்.

கோழியக் காணோம். தயிருச்சோறும் ஊறுகாயும். அதயும் அப்பத்தான் பெசஞ்சுட்டு இருந்தான். என்னையப் பாத்ததும் எந்திரிச்சு, "உக்காருங் மாமா" ன்னு பாய விரிச்சுட்டு வெளிய ஓடுனான். எனக்கு மட்டும் ஒரு சிக்கன் பிரியாணி வாங்கிட்டு வந்து எலைல கொட்டுறான். கால் பீஸு இருந்துச்சு. உனக்குன்னு கேட்டேன். "ஞாயித்துக்கெழம கவுச்சி உட்டுட்டேனுங் மாமா" ங்கறான். எதுக்குடான்னா, "அக்கா காலுக்காவ வேண்டிருக்குதுன்னு நீங்கதானுங் சொன்னீங்க. நீங்க பொய்யாச் சொன்னாலும் சாமி பேரச் சொல்லியாச்சே. யாராவது ஒருத்தர் செய்யோணுமில்ல."

கிறுக்கன். இந்தக் காலத்துல இப்படி ஒரு கிறுக்கன். அந்தக் கடைல பிரியாணி சரியில்லீங், நெஞ்சுலயே நிக்குது இன்னும். பாதிய அப்படியே மடிச்சு வெச்சுட்டேன்.

இன்னொண்ணு சொல்றேன். அந்த மில்லுல ஆளுக்கு வாரா வாரம் அரை லிட்டர் எண்ணெய் சும்மா குடுப்பாங்களாம். அவன் ரூம்பு மூலைல பாக்கறேன், எட்டு பாட்டிலு, மூடி கூடத் திருகாம வரிசையா நிக்குது. கட்ட பிரம்மச்சாரி, மெஸ்ஸுல திங்கறவன், வெச்சு என்ன பண்றான்? எங்க ஊட்ல எண்ணெய் இல்லாம புள்ள சுட்ட அப்பளம் திங்குது. ஒண்ண எடுத்துக் குடுக்கோணும்னு தோணுச்சா பாருங்க. கஞ்சப்பய.

என்னுங்? என்ன சொன்னீங்க?

போசியா? வரும்போது நெறஞ்சு வந்து, போகும்போது காலியாப் போச்சா?

சேச்சே. நீங்க ஏனுங், முருங்கக்காய்க்கு அறுவது ரூவா குடுத்தவரு. அப்படியெல்லாம் இல்லீங். பாப்பா மேல சத்தியம் பண்ணிருக்கறன், மரகதத்துக்குத் தெரியாமலா... அவ எப்படி... இல்ல. கைப்பக்குவமுங். லைன்ல கேட்டுப் பாருங்க.

இது படியூருங்களா? ஆமா, படியூருதான்.

ரெண்டு வருசம்.

அந்தப் பேச்ச உடுங்க. நான் சொல்ல வந்தது வேற. மடிக்கு வர்றியான்னு கேட்டேன். "வராம இருப்பனாங் மாமா, பாப்பாவாச்சே. கம்மலுக்குச் சொல்லியாச்சு" ன்னான். அப்பாடான்னு எந்திரிச்சேன். பஸ் ஏத்தி உட வந்தவன், டிக்கெட்டயும் அவனே எடுத்துட்டு, ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்னு சொல்றான். "ஒண்ணுங் மாமா. காதுகுத்து முடிஞ்சதும் நான் கெளம்பிருவேன். பந்தில உக்கார மாட்டேன். உங்க ஊட்டுச் சோறு இனி எனக்கு வேண்டாமுங். கோழிய மாத்துனதுக்கு இல்லீங், உங்க கஷ்டம் எனக்குத் தெரியும். நானும் வாயி நீண்டவன்தான், அதுக்கு நீங்க என்ன வேணாலும் பண்ணுங்க. பாப்பாகிட்ட, மாமங்கிட்ட சொல்லாதன்னு சொன்னீங்க பாருங்க. அதுக்கு." சொல்லிட்டு ஜன்னல்ல ரெண்டு தட்டு தட்டுறான், பஸ்ஸு நவுந்துருச்சு.

பாருங்க, ஒரு எல மிச்சம். எனக்கு லாபந்தானுங்.

லாபம்னு மரகதத்துக்கிட்ட எப்படிச் சொல்றது? தாய்மாமன் மடி குடுத்துட்டு, கை நனைக்காம போறான்னா, அத்தன சனமும் பாக்கும். அவ அதுக்கப்பறம் ஊட்டுக்கு என்ற கூட வருவாளான்னே தெரியல.

ஆனா என்னைய லேசா நெனச்சுட்டான். உடுவனா நானு? நெனச்சு வெச்சுட்டேனுங், இந்த ரோட்லயே. அன்னிக்கு கரண்டி என்ற கையிலதான். கெடாக் கறி நானே ஆக்கறேன், ஆளே வேண்டாம்னு சொல்லிடறேன். மொத எலையப் போட்டு, அவன் பேரச் சொல்லி, எரநூறு பேருக்கு முன்னால நான் கரண்டியப் புடிச்சுட்டு அவன் முன்னாலயே நிப்பேன். ஆமா மாப்ள, சமையக்காரன்தான், உக்காருன்னு. அவன் உக்காராம எவனும் உக்காரப் போறதில்ல. நான் திங்க மாட்டேன், மரகதம் திங்க மாட்டா, அவங்க பங்காளிக அத்தன பேரும் பசில நிக்கட்டும். பாப்பா காது வலிக்குதுன்னு அழுதுட்டு, மாமா ஊட்டி உடுன்னு அவன் காலக் கட்டிக்கும். எத்தன நேரம் தாங்குவான்? சாயங்காலம் ஆகட்டும், பொழுது உழுகட்டும், சட்டி ஆறட்டும், நான் திரும்பச் சுட வெச்சுட்டு நிப்பேன். அவன் வாயில ஒரு கவளம் போற வரைக்கும் நான் அந்த எடத்த உட்டு அசைய மாட்டேனுங். பழிவாங்கறதுன்னா அப்படி வாங்கோணும்.

ஏனுங் கண்டக்டரே, நல்லூரு வந்துருச்சே, விசிலு ஊதுங்க.